ஏகாதசித் தண்ணீர்

ஏகாதசி வந்தால் போதும், உங்களுக்கெல்லாம் என் ஞாபகம் வந்துவிடும். "மடி, ஆசாரம், பூஜை எல்லாம் இருக்கு. ஏகாதசியன்னிக்கு மட்டும் கார்த்தாலே எழுந்ததும் ஒரு சொம்பு ஜலத்தை மடமடன்னு குடிச்சுட்டுத்தான் இவளுக்கு மறுகாரியம்" என்று, கல்கத்தா லேக் கார்டன்ஸில் நாம் சாயங்காலம் உட்காரும் பெஞ்சில் என்னை வைத்துச் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நம் வயதில் சிரிக்க வேறு என்ன மிச்சம் இருக்கிறது? ஆனால் போன வாரம் உங்களில் ஒருத்தி, "புருஷன் போனப்புறமாவது விட்டிருக்கலாமே?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. அதற்குப் பதில் சொல்வதென்றால், பவானிபூரில் எனக்குப் பதினாலு வயசாக இருந்த காலத்து ஒரு வெயில் முழுவதையும் சொல்ல வேண்டும். எழுதியே தந்துவிடுகிறேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஆற அமர வாசியுங்கள்.

குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். அப்பா கிளைவ் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. ஆட்களைக் குறைத்தபோது அவருடைய வேலை தப்பியது, சம்பளம் தப்பவில்லை. கடுகெண்ணெயும் மீனும் மணக்கும் ஒரு சந்தில் எங்களுக்கு இரண்டு அறை. அம்மா மிளகு ரசம் கொதிக்க வைத்தால் பக்கத்து வீடுகளில் தும்முவார்கள். நான் ஒரே பெண். பதினாலு வயசுவரை கல்யாணம் ஆகாத பெண்ணை வைத்திருந்தால் தஞ்சாவூர்ப் பக்கத்தில் அப்பாவை வீட்டு விசேஷங்களுக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கல்கத்தாவில் யார் கேட்பது? கையில் காசில்லாததால் வரன்கள் தட்டிக்கொண்டே போயின. அதை என் அதிர்ஷ்டம் என்றுதான் நான் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வெளியே எதையுமே சொல்லாத பெண் நான். நாலு பேர் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் கேள்வி கேட்டால் பதிலை ஸ்லேட்டில் எழுதித் தூக்கிக் காட்டுவேன். ஒரு மூலை உடைந்து, சட்டத்தில் துணி சுற்றிய ஸ்லேட் அது. ஈரத் துணியால் துடைத்ததும் மழைக்கு முன்னால் மண்ணில் எழும் வாசனை அதிலிருந்து வரும். இன்றைக்கும் யாராவது எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் முதலில் அந்த ஸ்லேட்தான் கண்ணில் நிற்கிறது. அப்போது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை உட்கார்ந்து படித்துவிட வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை.

அந்த வருஷம் துர்கா பூஜை விடுமுறையில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பிழைத்தேன், முடி பிழைக்கவில்லை. கொத்துக் கொத்தாக உதிர்ந்ததைப் பார்த்துவிட்டு அம்மா கத்தரியை எடுத்து ஒட்ட வெட்டிவிட்டாள். காய்ச்சலில் உடுத்திக் கிடந்த பாவாடை, தாவணிகளை எல்லாம் வைத்தியர் சொன்னபடி எரித்தார்கள். புதிது வாங்க வழி இல்லை. அப்பாவின் பழைய வேஷ்டியை, நைந்துபோன கரையைக் கிழித்து எறிந்துவிட்டு, வெள்ளையாகவே எனக்குச் சுற்றிவிட்டாள் அம்மா. கண் பட்டுவிடும் என்று நெற்றியில் குங்குமத்தை நிறுத்திக் கறுப்புச் சாந்துப் பொட்டு. கையிலோ வளையல் இல்லை. அதற்கு முன்பே சுதேசி அலையில் எங்கள் வகுப்புப் பெண்கள் எல்லாரும் சீமைக் கண்ணாடி வளையல்களைக் கழற்றி முற்றத்தில் போட்டு உடைத்தபோது, நான் மட்டும் எப்படிச் சும்மா நிற்பது என்று வெட்கப்பட்டு என்னுடையதையும் உடைத்திருந்தேன். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பொன் வளையல் போட்டுக்கொண்டார்கள்.

ஆக, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆனால் காரணங்களை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா போக முடியும்?

கார்த்திகை மாதம் பள்ளிக்கூடம் போனேன். சம்பளம் கட்ட இனி முடியாது, மாதக் கடைசியில் வந்து சொல்லி நிறுத்திவிடுகிறேன் என்று அப்பா முடிவு செய்திருந்தார். முதல் நாளே தலைமை ஆசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஆசிரியைகளை அங்கே தீதிமணி என்போம். இவர் பெரிய தீதிமணி. சீர்திருத்தக் குடும்பத்துப் பெண், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தோளில் ஊசி குத்திப் புடவை கட்டி, காலில் பூட்ஸ் போட்டிருப்பார். என் தலையை, கையை, துணியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வெட்டின முடிமேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"நீ சம்பளம் கொண்டுவர வேண்டாம். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு படி. உன்னை இங்கிருந்து யாரும் அனுப்ப மாட்டார்கள்" என்றார் வங்காளியில்.

நான் அரைப் பரீட்சையில் கணக்கில் முதலாவதாக வந்திருந்தேன். வேறு என்னவென்று நினைப்பேன்? வீட்டுக்கு ஓடினேன். அப்பா அன்றைக்கு இரண்டு தரம் சாதம் போட்டுக்கொண்டார். "கணக்கு! நம்ம வம்சத்து மூளைடீ!" என்றார் அம்மாவிடம். ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். தமிழ்க் குமாஸ்தாக்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் வட்டிக் கணக்குப் போடச் சொல்லிப் பார்த்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று ஸ்லேட்டை மட்டும் நீட்டினேன். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் தண்ணீர் விடுவதற்கென்று ஓர் அம்மாள் இருந்தாள். எல்லா ஜாதிப் பெண்களும் குடிக்க வேண்டுமே, அதனால் ஒரு பிராமண விதவையாகப் பார்த்து வைத்திருந்தார்கள். மாஷி என்று கூப்பிடுவோம், சித்தி என்று அர்த்தம். மத்தியானம் மண் கூஜாவிலிருந்து பித்தளைச் சொம்பில் எடுத்து வரிசையாக வருவாள். நாங்கள் கையைக் குவித்து நீட்ட வேண்டும். அந்தத் தண்ணீரில் மண்வாசனையும் கொஞ்சம் கற்பூர வாசனையும் இருக்கும். காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு என்மேல் தனிப் பிரியம் வந்திருந்தது. என்னிடம் வரும்போது சொம்பைக் கூடுதலாகச் சாய்ப்பாள். ஆனால் மாதத்தில் இரண்டு நாள் என்னைத் தாண்டிப் போய்விடுவாள். நீட்டின கை நீட்டினபடியே இருக்கும்.

நான் கேட்கவில்லை. கேட்கிற பெண்ணாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. மதராஸிப் பெண் என்பதால் ஏதோ வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏகாதசியன்று அம்மா அடுப்பில் சாதம் வைக்க மாட்டாள். காலையில் ஒரு தம்ளர் ரவைக் கஞ்சியோடு என்னை அனுப்பிவிடுவாள். டப்பாவில் எதுவும் கட்ட மாட்டாள். ஆக அந்த நாட்களில் நான் டப்பா இல்லாமல் உட்கார்ந்திருப்பேன், தண்ணீரும் வராது. இரண்டும் ஒரே நாளில் வருகிறது என்று கணக்குப் புலிக்கு ஏன் உறைக்கவில்லை என்று கேட்காதீர்கள். குளிர்காலத்தில் தாகம் அவ்வளவாகத் தெரியவில்லை.

பங்குனியில் தெரிந்தது. கல்கத்தா வெயிலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஏகாதசி மத்தியானம் நாக்கு தோலாகக் காய்ந்துபோய், எல்லாரும் வெளியே போன பிறகு நானே கூஜாவிடம் போனேன். சொம்பை எடுத்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"இன்றைக்கு ஏகாதசி, மா" என்றாள் மாஷி. அதட்டல் இல்லை, கெஞ்சல்தான். "ஒரு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள். நீ ஜலம் குடித்தால் மேலே போனவனுக்குப் பாவம் சேரும். எனக்கு வகிட்டில் குங்குமத்தை அழித்தபோது உன்னைவிடச் சின்னவள் நான். முதல் வருஷம்தான் உயிர் போகும். அப்புறம் பழகிவிடும்."

அவளும் காலையிலிருந்து குடிக்கவில்லை. உதட்டில் தோல் வெடித்திருந்தது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் புடவைத் தலைப்பால் விசிறிவிட்டாள்.

அப்போதுதான் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விளங்கியது. வங்காளத்தில் விதவைகள் ஏகாதசியன்று ஒரு சொட்டு ஜலம்கூடக் குடிக்கக் கூடாது. தென்னாட்டில் சின்ன வயசிலேயே கல்யாணம் என்று அவர்களுக்குத் தெரியும். காய்ச்சலுக்கு முன்னால், அங்கே கல்யாணமானவள் மட்டுமே வைக்கும் சிவப்பை என் நெற்றியில் பார்த்து, புருஷன் ஊரில் இருக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். விடுமுறைக்குப் பிறகு மொட்டைத் தலையும் கரையில்லாத வெள்ளையுமாக வந்து நின்றேன். மீன் இல்லை, பச்சரிசிச் சாதம். வங்காளத்தில் பச்சரிசி தின்று மீனை விலக்கினவள் விதவையைத் தவிர வேறு யார்? நம் வீட்டில் அப்பாகூட அதைத்தான் தின்கிறார் என்று அவர்களுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? பெரிய தீதிமணி என் தலைமேல் கை வைத்தது கணக்குக்காக இல்லை.

அன்றைக்கு நான் அழுதேன். விதவை என்று நினைத்ததற்காக அழவில்லை. கணக்குக்காக இல்லையே என்றுதான் அழுதேன்.

சொல்லிவிட்டால் பள்ளிக்கூடம் போய்விடும். சொல்லாவிட்டால் மாதத்தில் இரண்டு நாள் தாகம். எனக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. ஏகாதசியன்று தண்ணீர் வரிசையில் கையை நீட்டுவதை நிறுத்திக்கொண்டேன். மாஷி என்னைப் பார்த்துத் தலையை அசைப்பாள், நல்ல பெண் என்பதுபோல. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெண் உயிரோடு, கன்னியாக இருக்கும்போது ஊர் அவளை அமங்கலி என்று நினைக்கிறது என்று தெரிந்தால் அம்மா அன்றைக்கே என் ஸ்லேட்டை உடைத்திருப்பாள்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை ஏகாதசி வந்தது. கரும்பலகையில் கணக்குப் போட எழுந்தவள் அப்படியே விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது பெரிய தீதிமணியின் மடியில் இருந்தேன். வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மாஷி மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அதுவரை என் தாகத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. "குழந்தையைக் கொல்லப் பார்த்தீர்களா?" என்று மாஷியைக் கேட்டார், பிறகு தானும் அழுதார். விழுந்ததில் மசிக்கூடு கவிழ்ந்து என் துணி மசியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் விதவைப் பெண்களுக்கென்று வைத்திருந்த புதுத் துணி ஒன்றை எடுத்து எனக்கு உடுத்திவிட்டார். கரை இல்லாத முழு வெள்ளை. வாடகை வண்டி பிடித்து, இனிமேல் இந்தக் குழந்தைக்குத் தண்ணீராவது கொடுங்கள் என்று என் அம்மாவிடம் கேட்கக் கிளம்பிவிட்டார். வண்டியில் வழி முழுவதும் என் வாயைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை.

அம்மா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னடி இது கோலம்?" என்றாள்.

பெரிய தீதிமணி கை கூப்பினார். "அம்மா, இவளைக் கோபிக்காதீர்கள். ஏகாதசியன்று இவளுக்கு ஜலம் கொடுத்தது நான். பாவம் எதுவானாலும் என்னைச் சேரட்டும்."

அம்மாவுக்குக் காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் வங்காளி தெரியும். "என்ன சொல்றா?" என்றாள் என்னிடம்.

"மயக்கம் போட்டுட்டேன். தீர்த்தம் குடுத்தாளாம்."

"குடுத்தா நல்லதுதானே? அதுக்கு ஏன் கையைக் கூப்பறா?"

அம்மாவின் குரலைக் கேட்டுக் கோபம் என்றே அவர் நினைத்துக்கொண்டார். "தாகத்தால் ஒரு குழந்தை சாக வேண்டும் என்று எந்த தெய்வமும் கேட்காது என்று சொல்."

"ஜலம் நிறையக் குடிக்கணுமாம்" என்றேன்.

"அதைத்தானே நானும் தினம் தொண்டை கிழியக் கத்தறேன்!"

அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவருக்குத் தைரியம் வந்தது. "இன்னொன்றும் சொல். பரீட்சை முடிந்ததும் இவளை ஆசிரியைப் பயிற்சிக்கு நானே அழைத்துப் போகிறேன். இவள் யாருக்கும் பாரமாக இருக்க மாட்டாள். தன் காலில் நிற்பாள்."

நான் ஆசைப்பட்டதற்கு மேலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். அதை மட்டும் ஒரு சொல் குறையாமல் அம்மாவுக்குச் சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால் தப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

அம்மா நல்ல மனுஷி. வீட்டுக்கு வந்த பெண்பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மாட்டாள். உள்ளே போய் ஒரு தட்டில் வெற்றிலை, ஒரு வாழைப்பழம், குங்குமச் சிமிழ் எல்லாம் எடுத்து வந்தாள். வந்தவள் என்னைப் பார்த்து, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா அந்தக் கறுப்பை அழிச்சுண்டு பாழ் நெத்தியா நிக்கறே, பாரு" என்று விரலில் குங்குமத்தை எடுத்து என் நெற்றிக்குக் கொண்டுவந்தாள்.

பெரிய தீதிமணி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டார். "அம்மா, யோசித்துத்தான் செய்கிறீர்களா? எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஊர் இந்தக் குழந்தையைத்தானே பிய்த்துத் தின்னும்!"

அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. விரல் நுனியில் குங்குமத்தோடு என் முகத்துக்கு நேரே அந்தக் கை நின்றது. "ஏண்டி என் கையைப் பிடிக்கறா?" என்றாள். அவள் கண் என் துணியில் கரை இருக்கிற இடத்தைத் தேடியது. தன் கையால் கரை கிழித்துச் சுற்றிவிட்ட பழைய வேஷ்டியில் தோன்றாதது, யாரோ உடுத்திவிட்ட புதுத் துணியில் தோன்றிவிட்டது. இத்தனை வருஷம் பவானிபூரில் இருந்தவளுக்கு அந்தத் துணி யார் உடுத்துவது என்று தெரியாதா? இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தக் குங்கும விரலைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, தீதிமணி" என்றேன். "முடி காய்ச்சலில் போனது. மீனை எங்கள் வீட்டில் யாருமே தின்ன மாட்டார்கள்." பெரியவர்கள் முன்னால் நான் ஸ்லேட் இல்லாமல் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கையை விட்டார். அம்மா என் நெற்றியில் குங்குமத்தை வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அப்பினாள் என்று சொல்ல வேண்டும்.

"நாங்கள் நினைத்தது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் பெரிய தீதிமணி.

"பங்குனியிலிருந்து தெரியும்."

"தெரிந்துமா தண்ணீர் குடிக்காமல் இருந்தாய்? ஏன்?"

"படிக்க வேண்டுமே" என்றேன்.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். சம்பளம் இல்லாமல் எனக்குக் கொடுத்த அந்த இடம், விதவையாகி இறந்துபோன தன் மகளின் நினைவாக ஒருவர் ஏற்படுத்தியது. விதவைப் பெண்ணுக்குத்தான் கொடுக்கலாம். அந்த இடத்துக்காக இன்னொரு சின்னப் பெண் காத்திருக்கிறாள். "உனக்குக் கொடுக்க என்னிடம் வேறு இடம் இல்லை, மா" என்று, அம்மாவைக் கும்பிட்டதுபோல என்னையும் கும்பிட்டார். போகும்போது அம்மா நீட்டிய குங்குமத்தைக் குனிந்து நெற்றியில் வாங்கிக்கொண்டார். அவர்மேல் எனக்கு அன்றைக்கும் கோபம் வரவில்லை. நியாயம் அவர் பக்கம் இருந்ததுதான் கஷ்டம்.

அம்மா பிறகு அந்தத் துணியைக் கையால் தொடவில்லை. குச்சியால் தூக்கி வாசல் பக்கம் போட்டாள். என்னை உட்கார வைத்துச் சுற்றிப் போட்டு, கட்டிக்கொண்டு அழுதாள். சாயங்காலம் அப்பா வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கோபிக்கவும் இல்லை, அம்மாவைப்போலப் பதறவும் இல்லை. "அப்போ கணக்குக்காக இல்லையா?" என்று மட்டும் கேட்டார். ஆபீசில் அதற்குமேல் அவர் என் பேச்சை எடுத்ததாகத் தெரியவில்லை.

கோடை விடுமுறை விடும்வரை போய் வரலாம் என்று பெரிய தீதிமணி சொல்லியிருந்தார். கடைசி நாளுக்கு ஏகாதசிதான் வந்து வாய்த்தது. வாசலில் கிடந்ததை எடுத்து நானே துவைத்து மடித்த அந்த வெள்ளைத் துணியைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போனேன். என் பெஞ்சில் என் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயசு இருக்குமோ என்னவோ. தலை ஒட்ட வெட்டியிருந்தது. அவளுக்குக் காய்ச்சல் எதுவும் வந்திருக்கவில்லை.

மத்தியானம் மாஷி சொம்போடு வந்தாள். ஏகாதசியானாலும் எல்லாருக்கும் தண்ணீர் விட வேண்டும் என்று உத்தரவு ஆகியிருந்தது. அந்தப் பெண்முன் நின்றாள். பெண் தலையை ஆட்டிவிட்டுக் கையைத் துணிக்குள் மறைத்துக்கொண்டது. வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். மாஷி பெருமூச்சு விட்டு என்னிடம் வந்தாள். "குடி, மா. வேண்டிய மட்டும் குடி" என்று என் கையில் சாய்த்தாள். அவள் உதடு அன்றைக்கும் வெடித்திருந்தது.

எனக்கு அந்தத் தண்ணீர் இறங்கவில்லை. குவித்த கையோடு எழுந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். விரலிடுக்கில் ஒழுக ஒழுக நடந்து போய் அந்தப் பெண்ணின் வாய்க்கு நேரே நீட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மாஷியைத்தான் பார்த்தாள்.

மாஷி சொம்பைக் கீழே வைத்தாள். மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

அந்தப் பெண் என் கையில் வாயை வைத்துக் குடித்தது. கையில் ஈரம் போகும்வரை குடித்தது. மாஷி திரும்பவே இல்லை.

என் படிப்பு அதோடு முடிந்தது. அடுத்த ஆவணியில் கல்யாணம், பிறகு நீங்கள் அறிந்த வாழ்க்கை. எங்காத்துக்காரர் காலமானபின் வந்த முதல் ஏகாதசியன்று, உறவுக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, நான் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் குடித்தேன். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த அன்றைக்கு மாஷிக்கும் ஒரு வாய் கொடுக்க எனக்குத் தோன்றவில்லையே என்றுதான் மனசில் இருந்தது.